உனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டவர்களுக்கும் சேர்த்து

அன்புள்ள ரூத்,

நீ விமானம் ஏறிப் போன மறுநாளே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். வழக்கமாக நீ போன பிறகு கொஞ்ச நாள் உன் அறையைக் கூட்டாமல் அப்படியே போட்டு வைப்பேன். கட்டிலில் நீ விட்டுப்போன துண்டைக்கூட எடுக்க மாட்டேன். இந்த முறை அதற்கெல்லாம் மனமில்லை. கோபமாக இருக்கிறேன். உன்மேல் இல்லை. கிறிஸ்துமஸ் அன்று மதியம் நம் கிள்ளான் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உன் பெரிய மாமா ஒரு கேள்வி கேட்டார். நீ சிரித்துவிட்டு கேக் வெட்டப் போய்விட்டாய். வந்தவர்கள் முன்னால் அண்ணனோடு வாக்குவாதம் வேண்டாமென்று நானும் வாயை மூடிக்கொண்டேன். அப்படி மூடிக்கொண்டது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் இது உனக்கு எழுதுகிற கடிதம்தான் என்றாலும், முடித்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போடப் போகிறேன். உங்கப்பாவிடம் சொன்னேன். "போடு லா, எப்படியும் யாரும் முழுசா படிக்க மாட்டாங்க" என்றார். படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

மாமா கேட்டது உனக்கு மறந்திருக்காது. கோழிப் பிரட்டலைத் தட்டில் போட்டுக்கொண்டே கேட்டார். "ஏம்மா ரூத்து, உங்க தாத்தாவோட அப்பா வெள்ளக்காரனுக்குத் தண்டவாளம் போட்டாரு. உங்க தாத்தா அந்தத் தண்டவாளத்துல சிக்னல் பாத்தாரு. இப்ப நீ போயி அவன் யுனிவர்சிட்டிய தூக்கி நிறுத்தப் போறியா? அமெரிக்காக்காரன் கூப்புடுறான், அங்க போ. இல்லன்னா வீட்டுக்கு வா. ரெண்டும் இல்லாம ஜெர்மன்ல உக்காந்து உனக்கு அங்க என்னா வேல?" மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். சின்ன அத்தை ஒருபடி மேலே போய், "நம்ம ரூத்து கம்ப்யூட்டர் ரிப்பேர்தானே பாக்குறா, அத இங்கயே பாக்கலாம்ல" என்றாள். நீ அதற்கும் சிரித்தாய்.

அத்தை சொன்னதை விட்டுவிடலாம். மாமாவின் கேள்வியை என்னால் அப்படித் தள்ள முடியவில்லை. காப்பார் மின் நிலையத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் தொழிற்சங்கத்துக்காக அலைந்த மனிதர் அவர். அடுத்தவனுக்கு உழைத்துக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர்களை நேரில் பார்த்தவர். அந்தக் கேள்வி பொறாமையில் வரவில்லை, வலியில் வந்தது. அதனால்தான் அதற்குச் சரியான பதில் சொல்லியாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

அண்ணே, நீங்களும் படிப்பீர்கள் என்று தெரியும். உங்களுக்காகவே முதலில் பழைய கதை ஒன்றைச் சொல்கிறேன். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் நாம் இருந்தபோது, பள்ளி முடித்த கையோடு நான் கோலாலம்பூரில் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் ஆபரேட்டராகச் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். அங்கே நடந்தது எதையும் நான் வீட்டில் சொன்னதில்லை. அலமாரி அலமாரியாக இயந்திரங்கள், வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஸ்வெட்டர் போட வேண்டிய குளிர். தகவல் பதியும் காந்த நாடாவை மாற்றுவதும், அச்சாகி வரும் தாளைக் கிழித்து அடுக்குவதும்தான் என் வேலை. ஒரு மாதக் கடைசியில், சம்பள நாள் பார்த்து, அந்த இயந்திரம் நின்றுபோனது. எல்லாக் கிளைகளிலிருந்தும் தொலைபேசி அலறுகிறது. கிள்ளான் கிளையில் துறைமுகத்து ஆட்கள் வரிசையில் நின்று, வரிசை தெருவுக்கே வந்துவிட்டதாம். (ரூத், அந்த வரிசையில் உங்கப்பாவும் நின்றாராம். அப்போது எனக்கு அவரைத் தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள் அந்தச் சம்பவத்தைச் சொல்லி வங்கியைத் திட்டினார். நான் அங்கேதான் வேலை பார்த்தேன் என்று சொன்னதும், இன்றுவரை என்னையும் சேர்த்துத் திட்டுகிறார்.)

இயந்திரத்தை விற்ற வெளிநாட்டு நிறுவனத்தின் உள்ளூர் ஆள் டையோடு வந்து, மினுக்கும் விளக்குகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தலைமை அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன், அங்கே இன்னும் விடியவில்லை என்றார். எங்கள் அதிகாரிக்குப் பொறுமை போய்விட்டது. "நீயே தொறந்து பாரேன்" என்றார். அந்த மனிதர் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "முடியாது பாஸ். உள்ள என்னா இருக்குன்னு எனக்கே தெரியாது." இயந்திரம் நின்றதற்காக எனக்குக் கோபம் வரவில்லை. எந்த இயந்திரமும் ஒருநாள் நிற்கும். அதைத் திறந்து பார்க்க மலேசியாவில் ஒருவருக்கும் உரிமையில்லை, கற்றுக்கொடுக்கவும் ஆளில்லை என்பதை, மழை பெய்வதைப்போல, எல்லாரும் இயல்பாக எடுத்துக்கொண்டார்கள். அதுதான் எனக்கு எரிந்தது. எங்கோ ஒருவர் தூங்கி எழுந்து, காப்பி குடித்து, அலுவலகம் வந்த பிறகுதான் கிள்ளானில் ஒருவன் தன் சம்பளத்தை எடுக்க முடிந்தது.

ரூத், நீ செய்யும் வேலை என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். கைப்பேசியில் நாம் தொட்டு விளையாடுவது மேல்மாடி. நீ கட்டுவது கீழே இருப்பது, யாரும் பார்க்காதது. ஒரு பெரிய வேலையைப் பல கம்ப்யூட்டர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, நடுவில் ஒன்று விழுந்தாலும் எழுதி வைத்தது அழியாமல் காப்பாற்றும் மென்பொருள். வங்கிக் கணக்கு, ஆஸ்பத்திரிக் குறிப்பு, ரயில் நேரம் எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன. உலகத்தில் அதை உண்மையிலேயே கட்டத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெரிய நிறுவனங்களில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மற்றவர்கள் வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார்கள். நம்மைப்போன்ற நாடுகள்தான் அப்படி என்று நினைத்திருந்தேன். சென்ற வருஷ இலையுதிர்காலத்தில் உன்னிடம் வந்து தங்கியபோதுதான் தெரிந்தது, ஐரோப்பாவும் நம்மோடு அதே வரிசையில் நிற்கிறது.

அந்த வருகையைப் பற்றி நான் இங்கே யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. எல்லாருக்கும் ஆற்றங்கரைப் படத்தையும் சிவந்த மரங்களின் படத்தையும்தான் அனுப்பினேன். நான் பார்த்தது வேறு. உன் கம்ப்யூட்டர் அறைக்கு நீ என்னை அழைத்துப் போனாய். கதவைத் திறந்ததும் அதே குளிர், அதே இரைச்சல். எனக்கு ஸ்வெட்டர் நினைவு வந்தது. உன் மாணவர்களில் மூத்தவன் மாரெக், போலந்துக்காரன், எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, பழைய நாடா இயந்திரங்களைப் பற்றிக் கேள்விமேல் கேள்வி கேட்டான். அவன் நாடாவைக் கண்ணால் பார்த்ததே இல்லையாம். தான் எழுதிய பகுதியைத் திரையில் காட்டி விளக்கியபோது அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து, இவன் இந்த இடத்தை விட்டு எங்கும் போக மாட்டான் என்று நினைத்தேன். நான் அங்கே இருக்கும்போதே போய்விட்டான்.

வழியனுப்பும் கேக்கை நீதான் வாங்கி வந்தாய். எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, மாரெக் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகச் சொன்னான். அவன் மனைவிக்குக் குழந்தை பிறக்கப் போகிறது. பல்கலைக்கழகத்தில் வருஷத்துக்கு வருஷம் கையெழுத்து வாங்கும் வேலை, அடுத்த வருஷம் உண்டா என்று அவனுக்கே தெரியாது. அமெரிக்க நிறுவனத்தில் நிரந்தர வேலை. நல்லா இருப்பா என்று தலையில் கைவைத்தேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அந்த நிறுவனத்தை நான் நான்கு வார்த்தை திட்டினேன். நீ என்னைத் தடுத்தாய். "அவங்க இழுக்கல மா. நாங்கதான் தள்ளுனோம்" என்றாய்.

அடுத்த வாரமே உன் துறைத் தலைவர் அளவு நாடாவோடு அந்த அறைக்கு வந்தார். மாரெக் இல்லாமல் உன் குழு சிறுத்துவிட்டது, மின்சாரச் செலவோ ஏறிவிட்டது, அந்த இடம் வேறொரு புதிய ஆய்வகத்துக்குப் பயன்படும் என்றாராம். பக்கத்து அறையில் மாதத்துக்கு ஒரு ஆய்வுக் கட்டுரை வருகிறது, நீயோ வருஷக்கணக்கில் கட்டிக்கொண்டே இருக்கிறாய் என்றாராம். நீ அவரிடம் சொன்னதை வீட்டுக்கு வந்து எனக்கு நடித்துக் காட்டினாய்: "நான் கட்டுரை எழுதறதுக்காகக் கட்டல சார். கட்டுனத சொல்றதுக்காகத்தான் கட்டுரை எழுதறேன்." அவரிடம் அதை ஜெர்மன் மொழியில் சொல்லியிருப்பாய். என்னிடம் நம் கிள்ளான் தமிழில் சொன்னாய். ஆனால் நாடாவைச் சுருட்டிக்கொண்டு போகும்போது அவர் சிரித்துக்கொண்டே போனார் என்றும் சொன்னாய்.

அப்போதுதான் உன் திட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராக ரயில் ஏறினாய். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியாகச் சின்னச் சின்ன இயந்திரங்களை வைத்துக்கொண்டு சாகிறது, எல்லாரும் சேர்ந்து பெரிதாக ஒன்று வைப்போம். கட்டிய மென்பொருளைப் பராமரிக்கப் பொறியாளர்களை நிரந்தரமாக வைப்போம். மாணவர்கள் ஒரு வருஷம் தொழிற்சாலைக்குப் போய் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்து படிக்கட்டும். நிறுவனங்கள் தங்கள் கம்ப்யூட்டர்கள் அன்றாடம் படும் பாட்டின் பதிவுகளை நமக்குத் தரட்டும். இந்தக் கடைசி விஷயம் எனக்குப் புரியவில்லை. கேட்டேன். "பொம்ம லோரில கல்ல ஏத்திப் பாத்துட்டு, நெச லோரி தாங்கும்னு சொல்ல முடியுமா மா?" என்றாய். புரிந்துவிட்டது.

ஒரு பயணத்தில் நானும் வந்தேன். சரக்கு ரயில்களை வழிநடத்தும் மென்பொருள் செய்கிற நிறுவனம். கண்ணாடி வரவேற்பறையில் என்னை உட்கார வைத்துவிட்டு நீ உள்ளே போனாய். கண்ணாடி வழியாக உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்கவில்லை. நீ கைகளை ஆட்டி ஆட்டிப் பேசுகிறாய். எதிரே ஹெல்கா என்ற அந்த அம்மாள், தொழில்நுட்பப் பிரிவின் தலைவி, கைகளைக் கட்டிக்கொண்டு கேட்கிறார். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்ததையும் நான் பார்த்தேன். திரும்பி வரும்போது ரயிலில் சொன்னாய். அந்த அடித்தளத்தை நாங்கள் வாடகைக்கு எடுக்கிறோம், எங்கள் தொழில் ரயில், கம்ப்யூட்டர் இல்லை என்றாராம். "ஒங்க ரயில் ஓடற தண்டவாளம் யாரோடதுன்னு கேப்பீங்கள்ல, அதே மாதிரிதான் இதுவும்" என்று நீ சொல்லியிருக்கிறாய். நல்ல பேச்சு என்று பாராட்டி, கைகுலுக்கி அனுப்பிவிட்டார். எங்கே போனாலும் அப்படித்தான் நடந்தது. பாராட்டினார்கள், காப்பி கொடுத்தார்கள், அனுப்பிவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து அமெரிக்காவிலிருந்து அழைப்பு வந்தது. உனக்கு மட்டுமில்லை, உன் குழுவில் மிச்சமிருந்த எல்லாருக்கும். இதை நம் ஆட்கள் பணம் என்று மட்டும் நினைக்கிறார்கள். நீ எனக்கு விளக்கியது வேறு. நீ ஊர் ஊராகப் பிச்சைபோலக் கேட்டுக்கொண்டிருந்த எல்லாம் அங்கே ஏற்கனவே இருந்தது. பெரிய இயந்திரங்கள், உண்மையான பதிவுகள், நிலையான வேலை. "அவங்க கெட்டவங்க இல்ல மா, சரியாத்தான் செய்யறாங்க" என்றாய். அன்று சாயங்காலம் நீ சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, கைப்பையைக்கூடக் கழற்றாமல், "டயர்டா இருக்கு மா. சைன் பண்ணிடறேன்" என்றாய்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பண்ணு என்ற சொல் எனக்கும் வாய்வரை வந்தது. அன்று உன் முகம் அப்படி இருந்தது. ஆனால் அந்த முகத்தோடு நீ எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவதை என்னால் பார்க்க முடியாது. "போடறதா இருந்தா போடு. பசியோட போடாத. மொதல்ல சாப்புடு" என்றேன். ரசம் கொதித்துக்கொண்டிருந்தது, நான் இங்கிருந்து கொண்டுவந்த நெத்திலி சம்பால் மிச்சமிருந்தது. நீ சாப்பிட்டாய். இரண்டாம் முறை சோறு வாங்கிய பிறகுதான் பேச ஆரம்பித்தாய். "அங்க போனா நான் நல்லா வேல செய்வேன் மா. ஆனா யாருக்கும் சொல்லிக் குடுக்க மாட்டேன். நான் கட்டறது வெளிய வராது. இங்க இந்தப் பாடத்த எடுக்க என்ன விட்டா ஆளில்ல. நான் போயிட்டா அடுத்த வருஷம் பாடமே இருக்காது. அதுக்கப்புறம் வர்ற புள்ளைங்களுக்கு இப்படி ஒன்னு இருக்குன்னே தெரியாது."

நான் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டேன். என் வங்கிக்கு டை கட்டி வந்த மனிதர் நினைவுக்கு வந்தார். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் ஒரு தலைமுறை வளருவது எப்படி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் முடிவு உன்னுடையது. காலையில் நான் எழுந்து வருவதற்குள் நீ மறுப்புக் கடிதத்தை அனுப்பிவிட்டு, வகுப்புக்குக் கிளம்பிப் போயிருந்தாய்.

அண்ணே, இதுவரை படித்திருந்தால் நீங்கள் கேட்பீர்கள், சரி, பிடிவாதத்தால் என்ன கிடைத்தது என்று. சொல்கிறேன். நான் கிள்ளான் திரும்பிய பிறகு ஒரு நாள் அந்த ஹெல்கா அம்மாள் இவளைக் கூப்பிட்டார். அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த மென்பொருளை, விற்றவர்கள் நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டார்கள். புதியதற்கு மாறு, இல்லையென்றால் உன் பாடு. அவருடைய ரயில் மென்பொருள் முழுவதும் அதன்மேல் நிற்கிறது. உள்ளே எப்படி ஓடுகிறது என்று சொல்ல அவருடைய நிறுவனத்தில் ஒருவரும் இல்லை. "அன்றைக்கு நீங்கள் சொன்னதை இன்னொரு முறை சொல்லுங்கள், இந்த முறை நான் எழுதிக்கொள்கிறேன்" என்றாராம். அவர் சேர்ந்தார். அவரைப் பார்த்து சிப் வடிவமைக்கும் நிறுவனம் ஒன்று சேர்ந்தது. அக்கம்பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றும் வந்தது. திட்டத்துக்குச் சில வருஷங்களுக்கு நிதி கிடைத்தது. அளவு நாடா அந்த அறைப்பக்கம் பிறகு வரவில்லை. மாரெக் திரும்பி வரவில்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

இனி அண்ணனின் கேள்விக்கு வருகிறேன். அன்று மேசையிலேயே பதில் வந்து நின்றது, அதுதான் பதிலென்று யாரும் கவனிக்கவில்லை. நீ கேக் வெட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் மோட்டார் சத்தம் கேட்டது. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே ஒரு பெண், "ஆன்டி, மெர்ரி கிறிஸ்மஸ். ரூத் அக்கா இருக்காங்களா? ஓப்பன் ஹவுஸ்னு மெசேஜ் பண்ணாங்க" என்றாள். பர்வீன், பக்கத்து ஊர் ஷா ஆலமில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறவள். பண்டிகையன்று யாரும் வரலாம் என்பதால், முஸ்லிம் விருந்தாளிகளுக்காகத் தனி மேசையில் கடையிலிருந்து வரவழைத்து வைத்திருந்த ஹலால் பிரியாணியைக் காட்டி உட்காரச் சொன்னேன். நீங்கள் இருவரும் அதற்கு முன் நேரில் பார்த்ததே இல்லை என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. பிரியாணி ஆறிப்போகும்வரை பேசினீர்கள்.

அவள் கல்லூரியில் ஓரங்கட்டிப் போட்டிருந்த பழைய கம்ப்யூட்டர்களை மாணவர்களோடு சேர்ந்து கோத்து, உன் குழுவின் மென்பொருளை அதில் ஓட்டியிருக்கிறாள். அந்தக் கட்டடத்தில் பழைய வயரிங். பெரிய மழை வந்தால் கரண்ட் போய்ப் போய் வரும். அப்படிப் போய் வந்த ஒரு மதியத்தில் எழுதி வைத்ததில் கொஞ்சம் காணாமல் போனது. காணாமல் போகக்கூடாதது. உன் ஊரில் கரண்ட் போவதே இல்லை, அதனால் அந்தப் பிழை உங்கள் யார் கண்ணிலும் பட்டதில்லை. மென்பொருள் திறந்தே கிடப்பதால் பர்வீன் உள்ளே போய்ப் பார்த்தாள், மாணவர்களோடு உட்கார்ந்து தேடிக் கண்டுபிடித்தாள், சரிசெய்து உங்களுக்கு அனுப்பினாள். நீங்கள் சோதித்து ஏற்றுக்கொண்டீர்கள். இன்று ஜெர்மனியில் ஹெல்காவின் சரக்கு ரயிலுக்குக் கீழே ஷா ஆலமில் எழுதிய வரிகளும் ஓடுகின்றன.

மாமா பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப இது ஓசியா?" என்றார். "ஓசி இல்ல மாமா, தொறந்தது. யாரு வேணாலும் உள்ள போயி பாக்கலாம்" என்றாய். "நம்ம கரண்ட் போறதும் ஒரு நல்லதுக்குத்தான்னு சொல்லு" என்று மாமா சொல்ல, பர்வீன் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

அண்ணே, நம் தாத்தா போட்ட தண்டவாளத்தில் அவருக்கு உரிமை இல்லை. டிக்கெட் வாங்காமல் ஏற முடியாது. இவள் போடுவதில் பர்வீனுக்கும் உரிமை இருக்கிறது, உங்கள் பேரனுக்கும் இருக்கிறது. ஜெர்மனியில் ஒரு வகுப்பறை மூடாமல் இருந்தால் ஷா ஆலமில் ஒரு வகுப்பறைக்குக் கதவு திறக்கிறது. ஒரே நாட்டில் சில நிறுவனங்களுக்கு மட்டும் தெரிந்த வித்தையாக இது ஆகிவிட்டால், ஜெர்மன்காரனும் நாமும் சேர்ந்துதான் தெருவில் வரிசையில் நிற்போம். இவள் யாரையும் தூக்கி நிறுத்தவில்லை. எல்லாரும் நிற்கிற இடத்தைக் கெட்டிப்படுத்துகிறாள். இதற்கு மேலும் உனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கிறவர்கள் என்னிடம் வந்து கேளுங்கள், என் பிள்ளையிடம் கேட்காதீர்கள். அமெரிக்கா போகாதது அவளுக்குத் திறமை இல்லாததால் இல்லை. வீட்டுக்கு வராதது எங்கள்மேல் பாசம் இல்லாததால் இல்லை. ரூத், உங்கப்பாவின் முழங்காலைக் காட்டி, என் வயதைக் காட்டி உன்னைத் திரும்பக் கூப்பிடச் சொல்லி எனக்கு எத்தனையோ பேர் யோசனை சொல்லியாகிவிட்டது. எங்கள் கிழத்தனத்தை யாரும் கயிறாக்கி உன் காலில் கட்ட நான் விடமாட்டேன். எங்களுக்கு உடம்புக்கு முடியாதபோது நானே சொல்வேன். அப்போது வா.

உனக்கும் சில விஷயம் சொல்ல வேண்டும். கூட்டம், திட்டம், நிதி என்று ஓடுவதில் நீ கையால் கட்டுவது குறைந்துகொண்டு வருகிறது. இங்கே இருந்தபோது திரையில் நீ பார்த்ததெல்லாம் மின்னஞ்சல்தான். வாரத்தில் கொஞ்ச நேரமாவது கதவைச் சாத்திக்கொண்டு உன் வேலையைச் செய். செய்கிறவள் சொன்னால்தான் பிள்ளைகள் கேட்பார்கள். புதிதாக யார் பணம் தருகிறேன் என்று வந்தாலும், இயந்திரம் கேட்பதற்கு முன்னால் ஆளுக்கு நிரந்தர வேலை கேள். இன்னொரு மாரெக்கை வழியனுப்ப நீ கேக் வாங்கக் கூடாது. இன்னொன்று, இப்படியே போனால் நாளை அந்தத் துறைத் தலைவர் நாற்காலிக்கு உன்னையே கூப்பிடுவார்கள். போய் உட்கார், மறுக்காதே. ஆனால் மெதுவாகக் கட்டுகிறவர்களின் அறைக்குப் போகும்போது அளவு நாடாவோடு போகாதே.

ஹெல்காவின் நிறுவனத்தோடும் சிப் நிறுவனத்தோடும் இன்னும் கையெழுத்தாகாமல் இருந்த ஒப்பந்தத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை என்று நினைத்திருந்தேன். இரண்டு நிறுவனங்களின் வக்கீல்களும் சேர்ந்து கடைசியில் ஒரு வரியை நுழைத்துவிட்டார்கள், கட்டுவது எல்லாம் முதல் சில வருஷங்களுக்கு நிறுவனங்களுக்கு மட்டும், வெளியே யாருக்கும் காட்டக்கூடாது என்று. அது நீ இங்கே இருக்கும்போதுதான் வந்தது. துறைத் தலைவர், கையெழுத்துப் போட்டுவிடு, இவ்வளவு கிடைத்ததே பெரிது என்று எழுதியிருந்தார். விமான நிலையத்தில் பெட்டியை உள்ளே அனுப்பிவிட்டு வந்து, "பூட்டு போட்டா பர்வீன் வெளிய நிப்பா மா" என்று மட்டும் சொன்னாய். நான் உன் முதுகைத் தட்டினேன். என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கவில்லை.

இதுவரை எழுதி நிறுத்தி வைத்திருந்தேன். சர்ச்சில் வருஷக் கடைசி வேலைகள் வந்துவிட்டன, உங்கப்பாவை டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டியிருந்தது. இன்று நீ ஒப்பந்தக் கூட்டம் முடிந்து ரயிலிலிருந்து கூப்பிட்டாய். பின்னால் அறிவிப்புச் சத்தம், நடுநடுவே உன் குரல் விட்டுவிட்டு வந்தது. அந்த வரியை எடுக்காமல் கையெழுத்து இல்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாயாம். ஹெல்கா பேனாவை வாங்கி அந்த வரியை அவரே அடித்தாராம். சிப் நிறுவனத்துக்காரர்கள் எழுந்து போய்விட்டார்களாம். அவர்கள் தருவதாகச் சொன்ன இயந்திரங்கள் இனி வராது. துறைத் தலைவர் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "பாதிதான் மா கெடச்சுது" என்றாய். அழுகிறாயோ என்று நினைத்தேன். இல்லை, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாய். ரயிலைப் பிடிக்க ஓடி வந்திருக்கிறாய்.

அதற்குள் சுரங்கப்பாதை வந்து தொடர்பு அறுந்துவிட்டது. சொல்ல வந்ததை இங்கே எழுதிவிடுகிறேன். பாதி போதும், ரூத். திங்கட்கிழமை அந்த அறையைத் திற, இருக்கிற இயந்திரங்களைப் போடு, பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பாடத்தை ஆரம்பி. எழுந்து போனவர்களுக்கு நாற்காலி பிடித்து வைக்காதே.

அன்புடன்,
அம்மா